வின்னி ப்ளோரின் கரண்டிகள்

வின்னி ப்ளோர் யாரையும் நம்பமாட்டாள். பாதிரியாரே டீ குடித்துவிட்டுப் போனாலும் கரண்டிகளை எடுத்து எண்ணுவாள். எண்ணாமல் விட்டது எனக்கு மட்டும்தான். செத்துப்போன அவள் கணவன் ஸ்டான் பாறை ஏறும்போது கீழே கயிறு பிடித்தவன் நான்.

எங்கள் ஸ்டாஃபோர்ட்ஷயர் குன்றின் உச்சியில் ஒரு கோட்டை உண்டு. யாரோ ஒரு பண்ணையார், தன் சாப்பாட்டு அறை ஜன்னலிலிருந்து பார்க்க, இடிந்துபோன மாதிரியே கட்டிவைத்த பொய்க்கோட்டை. அதன் அடியில், ஆலைப் புகையில் கறுத்த மணற்பாறை. பக்கத்திலேயே வின்னியின் டீக்கடை. பாறையில் புது வழியாக யார் ஏறினாலும் அவள் கடை நோட்டில் பெயர் எழுத வேண்டும், கூடவே சாட்சியின் பெயரும். ‘வடக்குச் சுவர், 1951, ஸ்டான் ப்ளோர், சாட்சி ரெஜி.’ ரெஜி நான்தான். அந்த ஒரு வரிதான் அவளுக்குச் சொத்து. பின்னால் ஏறியவர்களெல்லாம் ஸ்டான் பிடித்த அதே பள்ளத்தைப் பிடித்துத்தான் ஏறினார்கள்.

முப்பது வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை, கூரை வேலை செய்யும் கிளைவ் மூச்சிரைக்க வந்தான்.

“நோட்டைக் குடுங்க மிசஸ் ப்ளோர். வடக்குச் சுவர்ல ஸ்டானோட அந்தப் பிடியத் தொடாமலே ஏறிட்டேன்.”

“யார் பாத்தா?”

“ஒரு ஈ காக்கா இல்ல.”

“அப்போ நீ ஏறல. கூரைக்காரன் பையில உளி இல்லாமலா இருக்கும்? வேற பிடி செதுக்கியிருப்ப.”

பாறையில் உளி வைப்பது எங்களுக்குக் கொலைக்கு அடுத்த குற்றம். கிளைவின் முகம் சிவந்துவிட்டது.

“நானா செதுக்கினேன்? அதுதான் செதுக்கின பிடி. அதனாலதான் தொடல. போய்ப் பாருங்க!”

“செத்தவன் மேல பழி போடுறியாடா?”

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கிளைவும் நானும் ஏணியைப் பிடித்துக்கொண்டோம்.

மேலே ஏறி, ஏப்ரன் பையிலிருந்த கரண்டியின் காம்பால் பள்ளத்தைச் சுரண்டினாள். வெட்டு தெரியாமலிருக்கப் பூசிய கறுப்பு மை உதிர்ந்தது, அடுப்புக்குப் பூசுவார்களே, அந்த மை. உள்ளே வெளிறிய கல்லில் உளித் தடங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு. முனை உடைந்த உளி விட்ட அடையாளம். ஸ்டானின் உளிக்கும் அதே உடைப்பு; அதை வைத்துத்தான் அவள் இன்றும் பிஸ்கட் டின் திறக்கிறாள்.

இறங்கியவள் என்னைத்தான் பார்த்தாள்.

“ரெஜி, அன்னைக்கு அவன் விரல்ல இந்த அடுப்பு மை இருந்துச்சா?”

இருந்தது. பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

“ஞாபகம் இல்ல வின்னி” என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைக்கு வந்து நோட்டைத் திறந்தாள். ஸ்டானின் பெயரை மெதுவாக அடித்தாள். என் பெயரைத் தாள் கிழிய அடித்தாள். கிளைவின் பெயரை எழுதி, சாட்சி இடத்தில் தன் பெயரைப் போட்டாள்.

“நீங்க பாக்கலயே” என்றான் கிளைவ்.

“பாத்தவன் சொன்ன லட்சணம்தான் தெரிஞ்சுபோச்சே.”

எனக்கும் வழக்கம்போல டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வெளியே வந்தேன். உள்ளே கரண்டிகள் ஒவ்வொன்றாக டப்பாவில் விழும் சத்தம் கேட்டது.