மிளகுக்குப் பிடித்த திருவிழா வண்டி

போன ஞாயிறு இலங்கை மலையகத்து லுணுகலையில் பூசை முடிந்து வெளியே வருகிறேன். மாதா கோயில் வாசலில் ரோசம்மா நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு லொறி வருது! காயாத மிளக கொண்டாந்தீங்க... திருப்பி அனுப்பிருவேன்!"

ரோசம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மிளகும் வளர்க்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்பு இவளைப் பார்த்தபோது, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாகச் சொன்னாள். பாஸ்போர்ட் ரெடி. மகளுக்கோ ஐந்து வயது! எனக்கு மனசே ஆறவில்லை.

"ஏம்மா, மிளகு நல்ல விலை போகுதே?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"அது கொழும்புல, டீச்சர். இங்க யாவாரி சொல்றதுதான் வெல. கேட்டா லொறிக் கூலியக் காட்டுறாரு. கப்பல்ல கடலத் தாண்டிரலாம் போல... இந்த மலைய எறங்குறதுதான் பெரும்பாடு."

உண்மைதானே? துறைமுகம் தூரத்தில் இருந்தால் நமக்கு இரண்டு பக்கமும் அடி. கப்பலில் வந்த மாவு மலையேறினால் விலை ஏறுகிறது. நம் மிளகு மலையிறங்க வேண்டுமென்றால், நம் கைக்கு வருவது குறைகிறது. மலையில் பிறந்ததற்கு வரி கட்டுகிறோமோ? எனக்குக் கோபம் கோபமாக வரும்.

ரோசம்மாவுக்குக் கோபப்பட ஏது நேரம்? பேக்கரிக்கு மாவு கொண்டுவரும் லொறி, கொழும்புக்குச் சும்மா திரும்புவதைக் கவனித்திருக்கிறாள். டிரைவரைப் பிடித்துக்கொண்டாள். "எப்படியும் போகத்தானே போறீங்க? பாதிக் கூலிக்கு ஏத்திக்கிட்டுப் போங்க!"

அவர் முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டார். சரி — ஆனால் லொறி நிறைய வேண்டும்.

ஒரு வீட்டு மிளகு எங்கே... லொறி எங்கே?

வருஷா வருஷம் மாதா திருவிழாவுக்கு லயத்துக்கு லயம் பங்கு போட்டு பஸ் பிடிப்பார்கள். ஆள் சேர்ப்பது ரோசம்மாதான். சாமி கும்பிட என்றால் எல்லோரும் ஒரே பஸ். மிளகு விற்க என்றால் மட்டும் ஆளுக்கொரு த்ரீவீலர்! நல்ல கூத்து. இந்த முறை அதே வீடுகளின் கதவைத் தட்டி, பங்குக்கு மூட்டை கேட்டாள்.

முதல் லொறி அதற்கு முந்தின வாரமே போயிற்று. கொழும்பில் மிளகை வாங்கிய ஏற்றுமதிக்காரர் ஈரம் என்று இரண்டு மூட்டையை ஒதுக்கினாராம். மற்றதெல்லாம் கொழும்பு விலைக்கே போயிற்று. அதுதான் வாசலில் அத்தனை சத்தம்.

"அப்போ... குவைத்?" கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்தில் நின்ற மகளின் தலையைப் பிடித்து ரிப்பனைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"நான் போகல, டீச்சர். மிளகு போகட்டும்!"