மூன்றாவதுதான் சரியாக வரும்

தெருவைக் கடக்குமுன் கப்டன் ரமீஸ் வலது கையை நீட்டி, பெருவிரலை நிமிர்த்தி, இடக்கண்ணை மூடுவார். பஸ் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று அளக்கிறாராம். மொன்றியல் நகரின் வில்லரேயில் பாலாம்பிகையின் வீட்டுக்கு எதிர்க்கதவில் அவர் குடியிருந்த வருடங்கள் முழுக்க இதே கூத்துத்தான். பனிக்குவியலுக்கும் அந்த விரல் நிமிரும், வாடகை வாங்க வரும் வீட்டுக்காரருக்கும் நிமிரும். பஸ் சாரதிகள் தங்களைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, திருப்பிப் பெருவிரலைக் காட்டிவிட்டு, நிற்காமலே போய்விடுவார்கள்.

அவர் அசர்பைஜான்காரர், பீரங்கிப்படை அதிகாரி. சத்தியம் செய்து சேர்ந்தது சோவியத் படையில். கஸகஸ்தானில் ஒரு முகாமில் ஒருநாள் காலை கண்விழித்தபோது, சத்தியம் வாங்கிய நாடு இல்லை. சப்பாத்து மட்டும் கட்டிலுக்குக் கீழே இருந்தது. அதையே மாட்டிக்கொண்டு ஊர் திரும்பி, புதிய கொடியின் கீழ் மலைச்சண்டைக்குப் போனார். சண்டை ஓய்ந்ததும் பாக்குவில் டாக்சி ஓடினார். பிறகு மொன்றியல் வந்து ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தார்.

பாலாம்பிகைக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது வகுப்பில் படித்த அரைகுறைப் பிரெஞ்சு மட்டும். இறந்தகாலம் இருவருக்குமே கைவரவில்லை. அதனால் கப்டன் வாயைத் திறந்தால் சோவியத் யூனியன் அன்றைக்குத்தான் உடைந்துகொண்டிருக்கும்.

அவருக்கு வாழ்க்கை முழுவதற்கும் ஒரே சட்டம். முதற்குண்டு இலக்கைத் தாண்டி விழவேண்டும், இரண்டாவது இலக்குக்கு முன்னால். இரண்டுக்கும் நடுவைப் பிரித்தால் மூன்றாவது தப்பாது. இதைப் பெருமையோடு விளக்கிய நாளில் பாலாம்பிகை தலையாட்டினாள். இலங்கையில், மூதூரில், குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்து வளர்ந்தவள் அவள்.

“தெரியும் கப்டன். ரெண்டாவது விழுந்த உடன நாங்க எழும்பி ஓடிருவம்.”

கப்டன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “நல்ல காலம், மதாம்,” என்றார். அந்தச் சட்டத்தைப் பற்றி அதன்பின் அவளிடம் பெருமை பேசவில்லை.

ஆனால் சட்டத்தை விடவில்லை. தன் நாட்டுப் பிலோவ் சமைத்துத் தருவதாகச் சொல்லி, குங்குமப்பூவும் உலர்ந்த பழமும் நெய்யும் போட்ட சோற்றை ஒரு தட்டு கொண்டுவந்தார். கடல்தண்ணீர் தோற்கும் உப்பு. அடுத்த மாதம் இன்னொரு தட்டு. அதில் உப்பே இல்லை.

“இது மனுசன் சமைச்சதா, ஆஸ்பத்திரியில நோயாளிக்குக் குடுத்ததா?” என்றான் பாலாம்பிகையின் கணவன் தங்கராசா.

கப்டனோ திருப்தியாக இருந்தார். “இனி நடுவைப் பிரிக்கவேண்டியதுதான், மதாம். மூன்றாவது உங்களுக்கு நான் தரவேண்டிய கடன்.”

அந்த வருடம் வீட்டுக்காரர் பாலாம்பிகையின் வீட்டைத் தன் மகனுக்கென்று கேட்டார். ஜூலை முதலாம் திகதி மொன்றியலே வீடு மாறும் நாளில் அவர்களும் நகரின் இன்னொரு மூலையிலுள்ள லாசாலுக்குப் போவதென்று முடிவாயிற்று. அந்த நாளில் கட்டிலும் அலுமாரியும் இறங்கிவிட்டன. பெரிய கல் கிரைண்டர்தான் இறங்கவில்லை. கடைகளுக்குத் தோசை மா அரைத்துக் கொடுத்துத்தான் பாலாம்பிகை குடும்பத்தை ஓட்டினாள். அந்தக் கல் உடைந்தால் பிழைப்பும் உடைந்தது. மூன்றாம் மாடி, வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படி. ஆறு பேர் சேர்ந்து மேலே ஏற்றியது. அந்த ஆறில் ஒருவனான தங்கராசாவுக்கு முதுகு அன்றைக்கே போயிற்று.

“கயிற்றில் இறக்கலாம்,” என்றார் கப்டன், பல்கனியில் நின்று பெருவிரலை நீட்டியபடி. மேல் உத்தரத்தில் கப்பி; கீழ்மாடிப் பல்கனியில் முட்டாமல் கல்லை வெளியே தள்ளி, லொறிக்குப் பக்கத்தில் விரித்த மெத்தையில் இறக்கவேண்டும்.

பாலாம்பிகை கிரைண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “வேணாம் கப்டன். உங்கட முதலாவது எங்க விழும் எண்டு எனக்குத் தெரியும்.”

கப்டன் தன் வீட்டுக்குள் போனார். வெளியே வந்தபோது தன் சாய்வு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு அவளுடைய அரிசி மூட்டைகளை அதில் அடுக்கிக் கட்டினார்.

“நீங்களும் வீடு மாறுறீங்களா?” என்றாள் பாலாம்பிகை.

“இல்லை. முதலாவதற்கும் கிரைண்டரின் எடை இருக்கவேண்டும், அவ்வளவுதான்.”

கப்பிக் கயிற்றில் கட்டித் தள்ளியதும் நாற்காலி வெளியே பாய்ந்தது. லொறியைத் தாண்டியது, வேலியைத் தாண்டியது, பக்கத்து வீட்டுப் பூம்பாத்தியில் குப்புற விழுந்தது. ஒரு கால் தனியாக உருண்டது.

“அப்பால்,” என்றார் கப்டன்.

அடுத்து அவருடைய சாப்பாட்டு மேசை, அதே மூட்டைகளோடு. அது கீழ்மாடிப் பல்கனியில், அங்கே குடியிருந்த தமிழ்ப் பையன் ஜெராட் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த அடுப்பின் மேல் போய் உட்கார்ந்தது.

“ஐயோ, என்ர கோழி!” என்று ஜெராட் கத்தினான். “தங்கராசாண்ணை, உங்கட சண்டைய வேற எங்கயாவது போய்ப் பிடிங்கோ!”

“இப்பால்,” என்றார் கப்டன். முகத்தில் சிரிப்பில்லை. பாலாம்பிகையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “முதல் இரண்டும் யாருடைய வீட்டிலாவது விழத்தான் செய்யும், மதாம். இந்தமுறை என்னுடைய வீடு.”

பாலாம்பிகை கிரைண்டரை விட்டாள். அந்த இரண்டு தூரத்துக்கும் நடுவைக் கப்டன் கயிற்றில் ஒரு சோக்குக்கட்டியால் குறித்தார். தங்கராசா கயிற்றைப் பிடிக்க, ஜெராட்டும் கோழியை மறந்து ஓடிவந்து பிடித்தான். கல் மெல்ல ஆடி, இறங்கி, மெத்தையின் நடுவில் உட்கார்ந்தது. கீறல்கூட இல்லை. தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கப்டன் வழக்கம்போலப் பெருவிரலைக் காட்டினார். அன்று மட்டும் அது அளப்பதற்கல்ல; எல்லோரும் சரியாகவே விளங்கிக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் அவர் வீட்டில் உட்கார ஒன்றுமில்லை. பாலாம்பிகை மா வாளியொன்றைக் கவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது பிலோவைப் பனிக்காலத்தில் லாசாலுக்கே கொண்டுவருவதாகக் கப்டன் தொலைபேசியில் சொன்னார். பனிக்காலம் வந்தது. அவர் இதயம் தை மாதத்தில் நின்றுபோனது.

கல்கரியிலிருந்து வந்த அவருடைய மகள், வீட்டை ஒதுக்கும்போது அந்த வாளியைப் பார்த்துக் குழம்பினாள். அப்பா யாருக்காவது ஏதும் கொடுக்கவேண்டியிருந்ததா என்று, உதவிக்குப் போயிருந்த பாலாம்பிகையிடம் கேட்டாள்.

“ஓம், ஒரு தட்டுச் சோறு,” என்றாள் பாலாம்பிகை. முழுக் கதையையும் சொன்னாள்.

மகள் அழுதாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். “நான் சமைத்துத் தருகிறேன், மதாம். அப்பாவின் கடன்தானே.”

“வேணாம் பிள்ள,” என்றாள் பாலாம்பிகை அவசரமாக. “நீ சமைச்சா அது முதலாவது.”