காலில்லாத மானிட்டர்

என் மனைவி முட்டை வாங்கினாலும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவள். கல்யாணமான புதிதில் என்னையும் அப்படித்தான் பார்த்தாள்.

வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது அவள் வேலை. லேப்டாப்பைக் குனிந்து பார்த்தே கழுத்து போய்விட்டது. திரை கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வேலைதான் அவளுக்கு உயிர். அன்றைக்கே என் தம்பியின் கடையில் மானிட்டர் வாங்கினோம்.

வீட்டில் வந்து பிரித்தால் ஸ்டாண்டைக் காணோம். பெட்டியைக் கவிழ்த்து உதறினாள்.

"உங்க அருமைத் தம்பி கைவரிசையைக் காட்டிட்டாரு."

பெட்டியோடு கடைக்குத் திரும்பினோம்.

"அண்ணி, இந்த மாடலுக்கு இப்ப ஸ்டாண்டு தனியாத்தான் விக்கிறாங்க" என்றான் தம்பி. "பெரிய ஆபீஸ்ல எல்லாம் சுவத்துல மாட்டிக்கிறாங்க. அவங்களுக்கு அது வீண்தானே?"

"நான் என்ன ஆபீஸா? நாற்காலிக்குக் காலைத் தனியா விப்பாங்களா? சரி, கால் இல்லாததுக்கு விலையாவது குறைஞ்சுதா?"

தம்பி தலையைச் சொறிந்தான். அவளுக்கு அது போதும். பிரிக்காத இன்னொரு பெட்டியைப் பிரிக்க வைத்தாள். அதிலும் இல்லை.

"எல்லாத்துலயும் எடுத்துட்டு மறுபடி ஒட்டி வெச்சிருப்பாரு" என்றாள், வந்திருந்தவர்கள் காதுபடவே. தம்பியின் முகம் செத்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட, என் கூடப்பிறந்தவன் திருடனா?

"ஸ்டாண்டு ஸ்டாக் இல்ல அண்ணி. ஏற்பாடு பண்றேன்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாளே கடை ஆள் ஒரு ஸ்டாண்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். காசு வேண்டாமாம். திரை கண்ணுக்கு நேராக நின்றது. கொஞ்ச நாளில் கழுத்து வலியும் குறைந்தது. ஆனால் சந்தேகம் குறையவில்லை.

"சும்மா எதுக்குக் குடுக்கணும்?"

ஒருநாள் துடைக்கும்போது ஸ்டாண்டின் அடித்தட்டில் கீறலும் காய்ந்த டீக் கறையும் தென்பட்டன.

"பாத்தீங்களா, பழசை நம்ம தலையில கட்டிட்டாரு!"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன்.

கடையில் தம்பி பில் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய மானிட்டரும் அதே மாடல்தான். அதைக் காலில்லாமல் மேசைமேல் அப்படியே வைத்து, பின்னால் அட்டைப்பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தான். குனிந்து குனிந்து பார்த்தவன், எங்களைக் கண்டதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"என்ன அண்ணி, அதுலயும் ஏதாவது குறையா?"

என் மனைவி அந்த அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல தம்பி. கழுத்து வலி விட்டுடுச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் நம்பவில்லை. ஸ்டாண்டைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாளா என்று அவள் கைகளைத்தான் பார்த்தான்.