அண்ணி கேட்ட குறி

பித்தளைச் சொம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "நான் குறி கேக்கறேன் தம்பி" என்று அண்ணி சொன்ன அந்த மத்தியானம் எனக்கு இன்னும் கலையாமல் நினைவிருக்கிறது. மின்விசிறி நின்று போயிருந்தது. அண்ணன் பனியனோடு சுவரில் சாய்ந்திருந்தார். எதிரில் அவருடைய நண்பர், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய், கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அண்ணி தானாக வாய் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் நிஜத்தில் இல்லை, ஒரு விளையாட்டில்.

அந்த விளையாட்டை நான் பெங்களூரிலிருந்து கொண்டு வந்திருந்தேன். எண்பதுகளின் நடுவில் அங்கே பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் என் அறைத்தோழனுக்கு அமெரிக்காவிலிருந்து அவனுடைய மாமா ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடமாட வேண்டும். வீரன், திருடன், மந்திரக்காரி என்று யாராகவும் இருக்கலாம். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பல முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். விதிகளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். பகடையை அவன் தரவில்லை. அதனால் தர்மபுரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், எண் எழுதிய சீட்டுகளைப் பித்தளைச் சொம்பில் போட்டுக் குலுக்கினோம்.

விடுமுறைக்கு வந்த நான் முதலில் பிடித்தது அண்ணனைத்தான். மோட்டார் பம்பு உதிரி பாகம் விற்கிற கடை எங்களுடையது. அப்பாவுக்கு முட்டி வலி வந்தபின் அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். மே மாத வெயிலில் மத்தியானம் ஒரு ஈ காக்கை கடைக்கு வராது. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். பாய்க்கு அது நோன்பு மாதம். மத்தியானத் தொழுகை முடிந்து அடுத்த தொழுகை வரைக்கும் நேரத்தை ஓட்டுவது கஷ்டம் என்று அவரும் வந்து உட்கார்ந்தார். அண்ணன் வீரன், பாய் திருடன். "ஜவுளிக்கடைக்காரனுக்கு இதை விட்டா வேற என்ன குடுப்பீங்க" என்று அவரே சிரித்தார். மூன்றாவதாக ஆள் வேண்டுமே என்று பார்த்தபோது, சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணி கண்ணில் பட்டார். மிச்சமிருந்தது குறிகாரி.

குறிகாரிக்குக் கத்தி கிடையாது, மந்திரத்தால் நெருப்பு வரவழைக்கவும் தெரியாது. அவளால் முடிந்தது ஒன்றுதான். ஒரு நாள் ஆட்டத்தில் ஒரு கேள்வி தெய்வத்திடம் கேட்கலாம். தெய்வம் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். தெய்வத்தின் குரல் கதை சொல்கிறவன், அதாவது நான். "குறி கேக்கறதெல்லாம் எங்களுக்கு ஆகாதுங்க" என்றார் பாய். "தங்கச்சி கேக்கறப்ப நான் காதைப் பொத்திக்கறேன். அப்பறமா கதையா மட்டும் சொல்லுங்க." சொன்னபடியே ஒவ்வொரு தடவையும் பொத்திக்கொள்வார், விரல் இடுக்கு மட்டும் திறந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால், அந்தக் குறி எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஒரு ஊரின் ஆறு திடீரென்று வற்றிவிட்டது, மலைமேல் யாரோ அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள், மூன்று பேர் ஏறிப்போய்க் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் கதை கட்டியிருந்தேன். "ஆத்தைத் தடுத்தது யாரு" என்று குறிகாரி நேராகக் கேட்டுவிட்டால் ஒரு மாதக் கதை ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். விடுதியில் இப்படித்தான் பல கதைகள் செத்தன. கதை சொல்கிறவர்கள் தப்பிப்பதற்காக எதற்கும் பிடிகொடுக்காத பதிலாகச் சொல்வார்கள். ஆடுகிறவர்கள் அலுத்துப்போய்க் குறி கேட்பதையே விட்டுவிடுவார்கள்.

நல்லவேளை, முதல் சில நாட்கள் அண்ணி எதுவும் கேட்கவில்லை. அதற்குள் கதை பாதி மலையில் ஒரு கதவின் முன்னால் சிக்கிக்கொண்டது. காவல்காரன் திறக்க மறுத்தான். அண்ணன் கதவை உடைக்கப் பார்த்தார், சீட்டு சதி செய்தது. பாய் பூட்டைத் திறக்கப் பார்த்து அகப்பட்டுக்கொண்டார். மறுநாளும் அதே கதவு. பாய் கொட்டாவி விட ஆரம்பித்தார். அப்போதுதான் அண்ணி சொம்பைத் தள்ளி வைத்தார்.

"கேளுங்க அண்ணி" என்றேன்.

"அந்தக் காவக்காரரு கடைசியா எப்பங்க தம்பி கதவைத் தாண்டி வெளிய வந்தாரு?"

நான் விழித்தேன். ஆற்றைப் பற்றி, பூட்டைப் பற்றி, புதையலைப் பற்றி எல்லாவற்றுக்கும் யோசித்து வைத்திருந்தேன். காவல்காரனைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை. அவன் எனக்கு ஒரு தாழ்ப்பாள் மாதிரி. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அவனோட மகன் கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போன அன்னிக்கு. தேடி வந்தான், கெடைக்கல. அதுக்கப்பறம் வெளிய வரல." சொல்லி முடிக்கும்போதே கதை எனக்குள் அசைந்து கொடுத்தது தெரிந்தது. மூவரும் கீழே திரும்பினார்கள், சந்தையில் மகனைத் தேடினார்கள், கூட்டிவந்தார்கள். கதவு தானாகத் திறந்தது. குறி என்பது கதையை முடித்துவிடும் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, ஒரு நல்ல கேள்வி கதையைப் பெற்றுத் தரும் என்று காட்டியது அண்ணிதான். அதற்குப்பின் மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள்ளேயே, இன்றைக்கு என்ன கேட்பாரோ என்று எனக்கு ஆவலாக இருக்கும்.

அந்த நாட்களில்தான் அண்ணிக்கு வேலை உத்தரவு வந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தார். காரிமங்கலம் பக்கத்தில் மானாவாரி நிலத்தை நம்பியிருந்த அவருடைய அப்பா, மகள் டீச்சராக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் படிக்க வைத்தவர். கிடைத்ததோ சித்தேரி மலையில் ஒரு பள்ளிக்கூடம். அரூர் வரைக்கும் பஸ். அதற்குமேல் ஜீப் கிடைத்தால் ஜீப், மிச்சம் நடை. அங்கேயே தங்கித்தான் வேலை பார்க்க வேண்டும்.

அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் பயந்துவிட்டார். "ஏங்கண்ணு, கல்யாணமாயி வருசம் கூட ஆவல. நீ மலமேல, அவன் இங்க. ஊருல என்ன பேசுவாங்க? கொஞ்ச நாளு பொறுத்தா கீழயே கெடைக்காதா?" என்றார். விட்டுவிட்டால் மறுபடி எப்போது அழைப்பு வருமோ என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா, "கட்டினவன் சொல்லட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டார். கட்டினவர், "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். மறுநாளும் அதே வார்த்தைதான். அண்ணி முன்பைவிடச் சீக்கிரமாக எழுந்து, முன்பைவிட அதிகமாக வேலை செய்தார். சேர வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

கதையும் மலையுச்சிக்கு வந்துவிட்டிருந்தது. ஆறு பிறக்கிற இடத்தில் ஒரு குகை. வாய் மிகக் குறுகல், ஒல்லியான ஓர் ஆள்தான் நுழையலாம். இது நான் விடுதியிலேயே வரைந்து வைத்த குகை. வீட்டு நிலவரத்துக்காகச் செய்ததில்லை. ஆனால் அதைச் சொன்னதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ போவ வேண்டாம். நான் போறேன்" என்றார் அண்ணன்.

"உன் தோளு நுழையாதுப்பா" என்றார் பாய்.

"அப்போ யாரும் போவ வேண்டாம்."

"அப்பறம் ஆறு?"

கதை மறுபடி நின்றது. அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "குறி கேக்கறேன் தம்பி" என்றார். பாய் வழக்கப்படி காதைப் பொத்திக்கொண்டார்.

"இந்த வீரருக்கு என்னங்க பயம்?"

தெய்வக்குரலில் பேச வாயெடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. வீரன் என்னுடையவன் இல்லை. "அண்ணா, அது உன் ஆளு. எனக்குத் தெரியாது. இன்னிக்குச் சாமி நீதான். பொய் சொல்லக் கூடாது" என்றேன்.

அண்ணன் தான் உட்கார்ந்திருந்த கோரைப்பாயை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அவளுக்கு எதாச்சும் ஆயிடும்னு இல்ல" என்றார் கடைசியில். "அவ கெட்டிக்காரி. சமாளிச்சுக்குவா. கடையில இருந்து வந்தா, இன்னிக்கு யாரு வந்தாங்க, எந்த ஊருக்காரங்க, கெணத்துல தண்ணி இருக்குதாமான்னு ஒருத்தி கேக்கறா. இத்தினி வருசமா இந்த வூட்ல யாரும் என்னை அப்பிடிக் கேட்டதில்ல. அது நின்னு போயிடும். அதான்."

வீரனுக்கு ஏது கடை என்று யாரும் கேட்கவில்லை. பாய் காதிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அண்ணி அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"தம்பி, குகைக்குள்ள போறவ பேசினா வெளிய கேக்குங்களா?"

"கேக்கும் அண்ணி."

"அப்படின்னா அவ பேசிக்கிட்டே போவா. அவரு கரையில இருந்து கேட்டுக்கிட்டே இருக்கட்டும். அவரு பேசறதும் அவளுக்குக் கேக்கும்."

விதிப்படி அங்கே சீட்டுக் குலுக்க வேண்டும். நான் குலுக்கவில்லை. குறிகாரி உள்ளே போய்விட்டாள் என்று சொன்னேன். "தொழுகைக்கு நேரமாச்சு" என்று பாய் எழுந்தார். இன்னும் நிறைய நேரம் இருந்தது.

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது அண்ணன் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அம்மா, அவ போய் வேலையில சேரட்டும். சனிக்கெழம மத்தியானம் கடையச் சாத்திட்டு நான் மலைக்குப் போயிட்டு வரேன்."

"வாராவாரமா? அலைச்சலாச்சேடா."

"அலைஞ்சாத்தான் என்ன."

அம்மா அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சாயந்திரம் பார்த்தால், பரணிலிருந்து ஸ்டவ்வை இறக்கித் திரி மாற்றிக்கொண்டிருந்தார். மலையில் குளிரும் என்று தன்னுடைய கம்பளியையும் கட்டிக் கொடுத்தார்.

கல்லூரி திறக்குமுன் ஒரு சனிக்கிழமை அண்ணனோடு நானும் ஏறினேன். அவர் தலையில் அரிசி மூட்டை, என் கையில் முறுக்கு டப்பா. வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கினார், ஆனால் உட்கார மாட்டேன் என்றார். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அண்ணி பாதையில் நின்றிருந்தார், சுற்றிலும் பிள்ளைகள். அவர் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, யாருக்கு வாய்ப்பாடு வரும், யார் தேனெடுக்கப் போய்ப் பள்ளிக்கு வராமல் இருந்துவிடுவான் என்று அண்ணனிடம் மூச்சுவிடாமல் சொன்னார். ஒரு சிறுமி அண்ணனை மேலும் கீழும் பார்த்து, "இது யாரு டீச்சர்?" என்றாள். "எங்க வூட்டுக்காரரு" என்றார் அண்ணி. அண்ணன் மூட்டையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எங்கோ மரத்தைப் பார்த்தார்.

அண்ணி சில வருஷம் அங்கே இருந்துவிட்டு நல்லம்பள்ளிக்கு மாற்றல் வாங்கி வந்தார், அங்கேயே தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றார். அந்த ஆற்றின் கதையை நாங்கள் முடிக்கவே இல்லை. முடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அண்ணன் இன்னமும் கடைக்குப் போகிறார். முகப்பில் அப்பா வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் மலையிலிருந்து மோட்டாருக்குச் சாமான் வாங்க இறங்கி வருகிறவர்கள், பஸ்ஸை விட்டு இறங்கியதும் இன்றைக்கும் ஒரே மாதிரிதான் வழி கேட்கிறார்கள்: "டீச்சரு வூட்டுக்காரரு கடை எங்கிங்க?"

பஜாரில் எல்லோரும் சரியாகக் கை காட்டுகிறார்கள்.