பதினைந்தாம் கல்லின் பாசி

நேற்றுக் காலை மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனவள், தண்ணீர்த் தொட்டி ஒழுகி நனைந்திருந்த மூலையில் கால் வைத்ததும் கைப்பிடிச்சுவர் வரைக்கும் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு போனேன். இரண்டு மாதத்துக்கு முன்பு பூசிய புதுத் தளம். சிமெண்டு வாடைகூட முழுதாகப் போகவில்லை, அதற்குள் பச்சைப் பாசி குடியேறிவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த என் வீட்டுக்காரர் கைகொடுத்துத் தூக்குவார் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"இன்னும் ஒனக்குப் பாசி மேல உள்ள கோவம் தீரல்லியா, பிள்ளே?"

உங்களுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். இருக்கிறது, சொல்கிறேன்.

எந்த இடம் மொட்டையாகக் கிடந்தாலும் முதலில் ஓடிவந்து உட்காருவதற்கென்றே சில பிறவிகள் உண்டு. களியக்காவிளைக்குப் போகிற வழியில் சாலைக்காக வெட்டிப்போட்ட செம்மண் சரிவைப் பாருங்கள், ஒரு மழை போதும், கம்யூனிஸ்ட் பச்சை தலைநீட்டிவிடும். அந்தச் செடிக்கு அப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவரை ஒருநாள் பார்த்துக் கைகொடுக்க வேண்டும். இடிந்த வீட்டில் எருக்கு. கடல் வாரிப்போட்ட மணல்மேட்டில் அடும்பங்கொடி. இதெல்லாம் இப்போது நான் அளப்பது. இருபத்திரண்டு வயதில், விலங்கியல் பட்டத்தைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, கருங்கல் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகப் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு இதில் ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

எங்கள் ஊர் குளச்சலுக்குக் கொஞ்சம் தள்ளி, கடற்கரையிலேயே. அந்த வருடம் சித்திரையில் லாரி லாரியாகக் கல் வந்து இறங்கியது. கடல் வீடுகளைத் தின்னாமல் இருக்கத் தண்ணீருக்குள் வளைத்துக் கொட்டும் கல். தூண்டில் வளைவு என்போம். ஒவ்வொரு கல்லும் ஒரு பசுமாடு அளவு இருக்கும். மலையை உடைத்த கையோடு கொண்டுவந்ததால் ஒரு பூச்சி பொட்டு ஒட்டாமல் பளபளவென்று கிடந்தன. சுட்ட வெடிமருந்தின் வாடைகூட வந்தது.

அப்போது சேசடிமைக்குக் காது போயிருந்தது. சேசடிமை எங்கள் பக்கத்து வீடு, எனக்கு மச்சான் முறை, கடலில் முங்கிப் பாறையிலிருந்து சிப்பி பெயர்த்து எடுப்பதுதான் தொழில். ஆழத்துப் பாறையில் ஒருநாள் காதுக்குள் பட்டென்று சத்தம் கேட்டு, ரத்தத்தோடு மேலே வந்தான். இனி ஆளுயரத் தண்ணீருக்கு மேல் முங்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். உடனே வீட்டில் துபாய்க்கு விசா பார்த்துவிட்டார்கள். ஐப்பசியில் பயணம். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்கு மட்டும் தெரியவில்லை.

அவன் தங்கை ரோஸ்லின் என் உயிர்த்தோழி. அவள்தான் அந்த நெருப்பைப் போட்டாள்.

"ஏட்டி, கரையோரம் போட்ட கல்லுல சிப்பி பிடிச்சா அண்ணன் போவாதாம். அங்க ஆளுயரத் தண்ணிதானே. ஆனா கல்லு பூரா பாசியும் அழுக்குமால்லா கெடக்கு."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். நான்கு மாதத்தில் கல்லெல்லாம் பச்சை மயிர் முளைத்த மாதிரி வழவழவென்று பாசி. அதற்கு மேலே உடைந்த பொத்தான்களைப் போலக் கொட்டலசு ஓடுகள் ஒட்டிக்கொண்டு காலைக் கிழித்தன. எங்கள் ஊரில் பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால் அம்மிக்கல்லைக்கூடத் தேய்த்து வெயிலில் வைப்போம். இப்படி அழுக்குப் பிடித்த வீட்டுக்குள் சிப்பி எப்படி வரும்?

"நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். பட்டதாரி அல்லவா.

ஆவணி முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கடல் வற்றும் நேரம் பார்த்து, நானும் ரோஸ்லினும் தேங்காய்நாரும் சாம்பலும் ஒரு பழைய உளியுமாய் இறங்கிவிடுவோம். இரண்டு நாளைக்கு ஒரு கல். சுரண்டி, தேய்த்து, கழுவி, எங்கள் முகம் தெரிகிற மட்டும் மினுக்கினோம். கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கு நாங்கள்தான் அந்த மாதத்துச் சினிமா.

"டீச்சரே, நண்டுக்குப் பல்லும் வெளக்கி விட்டிருங்க!"

பதினான்கு கல் முடித்தோம். பதினைந்தாவது கல்லில் கால் வைத்ததுதான் தெரியும். பாசி வாரிவிட்டது. உளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தேங்காய்நார் அலைமேல் ஒய்யாரமாய்ப் போகிறது. ரோஸ்லின் போட்ட கூச்சலில் சேசடிமை ஓடிவந்து என் சடையைப் பிடித்துத்தான் தூக்கினான். பூ வைத்த சடை என்றாவது பார்த்திருக்கலாம்.

"கல்லுல ஒனக்கு என்ன சோலி?"

"கழுவுதேன்."

"எதுக்கு?"

"சிப்பி வரட்டும்னு."

"வந்தா?"

மூக்கிலும் வாயிலும் உப்புத்தண்ணீர். கணுக்கால் வீங்கிக்கொண்டிருக்கிறது. இருமலுக்கு நடுவில் சொல்லிவிட்டேன்.

"நீங்க போவாண்டாம்லா."

அவன் சடையை விடவே இல்லை. விட மறந்துவிட்டான். வலை பொத்தினவர்கள் ஒருவரும் வலையைப் பார்க்கவில்லை.

கால் சுளுக்கி ஒரு மாதம் வீட்டுக்குள் கிடந்தேன். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் அவனே வந்து, "நடக்க முடியுமா? வா" என்று கூட்டிக்கொண்டு போனான். ரோஸ்லின் பின்னாலேயே வந்தாள், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு. என் பதினான்கு கல்லும் ஏறக்குறைய மொட்டை. லேசாக ஒரு பச்சை பூசியிருந்தது, அவ்வளவுதான். பதினைந்தாவது கல்லில் அவன் என் விரலைப் பிடித்துப் பாசிக்குள் நுழைத்தான். நூல் நூலான பாசிக்கு இடையில் நெருநெருவென்று என்னவோ. குனிந்து பார்த்தேன். தவிட்டு நிறத்தில், கடுகுமணி அளவில், ஆயிரக்கணக்கில் சிப்பிக்குஞ்சுகள்! அங்கிருந்து வளைவின் கடைசிக் கல் வரைக்கும் அதுதான் கதை. மொட்டைக் கல்லில் அந்தப் பொடிசுகள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? பாசிதான் அவற்றுக்குத் தொட்டில்கயிறு. நான் ஒரு மாதம் மெனக்கெட்டு அறுத்துப்போட்டது அதைத்தான்.

"நீ மட்டும் வழுக்கி விழாம இருந்திருந்தா, கல்லு பூரா வெளக்கி என்னைய துபாய்க்கு ஏத்தி விட்டிருப்ப" என்றான் சேசடிமை.

நான் அழுதேனா சிரித்தேனா என்று ரோஸ்லினைத்தான் கேட்க வேண்டும். விசா வேறு யாருக்கோ போனது. அடுத்த தை மாதக் கல்யாணப் பந்தியில் சிப்பித் துவரனும் மரச்சீனிக்கிழங்கும் போட்டோம், எல்லாம் அந்தக் கல்லுகள் கொடுத்ததுதான். எங்களைப் பார்த்துச் சிரித்த வலைக்காரர்கள் மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

போன வருடம் வளைவை நீட்டுகிறோம் என்று பழைய கல்லுக்கு மேலேயே கான்கிரீட் கட்டைகளைக் கொட்டி மூடிவிட்டார்கள். நேற்றுச் சாயங்காலம், இடுப்பில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் பொறுக்காமல் கரைக்குப் போனோம். நரைத்துப்போன என் சேசடிமை இந்தக் கட்டை, இல்லை அந்தக் கட்டை என்று மாறிமாறிக் கைகாட்டினார். கடைசியில், "தெரியல்ல, பிள்ளே" என்றார். பதினைந்தாம் கல் எதற்கு அடியில் கிடக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. பிறந்த வீட்டை இடித்த மாதிரி இருந்தது.

அவர் குனிந்து, தண்ணீர் தொட்டுப்போகும் கட்டையில் விரலை ஓட்டி என் முகத்துக்கு நேரே காட்டினார். நுனியில் கொஞ்சம் பச்சை.

வீட்டுக்கு வந்ததும் மாடி கழுவ எடுத்துவைத்திருந்த நார் பிரஷைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன்.