எதிர்வீட்டுக்கு டிவி தூக்கிப்போன ஞாயிற்றுக்கிழமை

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாமென்றால், நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

கல்கத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கலாசி வேலை எனக்கு. பெஹாலாவில் ஒரு சந்துக்குள் நானும் மனைவியும் குடியிருக்கிறோம். நாங்கள் டிவி வாங்கிய வருடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தியில் ஒரு குடும்பச் சிரிப்புத் தொடர் வந்தது. அந்த வீட்டு அப்பா எதையும் கடையில் கொடுக்கமாட்டார், தானே ரிப்பேர் செய்வார். குழாயைத் தொட்டால் அடுப்படியில் வெள்ளம் வரும். விசிறியைத் தொட்டால் அது கழன்று விழும். அவர் மனைவி இடுப்பில் கைவைத்தபடி வந்து நிற்பாள். வாரா வாரம் இதுதான் கதை. எங்களுக்கு அலுக்கவே இல்லை.

எதிர்வீட்டு அம்மாவும் அவர் கணவரும் பார்க்க வருவார்கள். இங்கே அந்த வயதுப் பெண்களை மாஷிமா என்போம், கணவரை மேஷோ. இருவரும் பேசுவது வங்காளி. எனக்கு வந்த தமிழில் அதை எழுதுகிறேன். மாஷிமா தான் உட்காரும் பிரம்பு மோடாவைக் கொண்டுவந்து டிவிக்கு நேர் எதிரே போட்டு, பிறகு அதை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார். மேஷோ, தான் பேப்பர் படிக்க மட்டும் வந்ததாகச் சொல்வார். தொடர் முடியும்வரை ஒரு பக்கம்கூடப் புரட்டமாட்டார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த என் மனைவிக்கு இந்தியும் தெரியாது, வங்காளியும் தெரியாது. மாஷிமா அவள் தொடையில் தட்டித் தட்டிக் கதை சொல்வார். "பௌமா, பாரு பாரு, குழாயை உடைச்சிட்டான்!" பௌமா என்றால் மருமகளே என்று அர்த்தம். அவர் சிரிப்பு குக்கர் மாதிரி. முதலில் உள்ளே குமுறும், அப்புறம் விசில் அடிக்கும். அந்தச் சிரிப்பில்தான் என் மனைவி வங்காளி கற்றாள். இந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே துணை மாஷிமாதான்.

அந்த வருட துர்கா பூஜை வந்தது. தசமியன்று சிலைகளைக் கரைத்தபிறகு வங்காளிகள் பிஜயா என்று ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள். நாங்களும் புதுத்துணி உடுத்தி உட்கார்ந்திருந்தோம், அழைப்பு வருமென்று. எங்கள் ஊர்ப் பக்கம் வாசலில் வந்து "வாங்க" என்று சொன்னால்தான் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போவோம்.

"கூப்பிடாம எப்படிங்க போறது? நமக்கு மானம் மருவாதி கெடையாதா?" என்றாள் மனைவி. யாரும் கூப்பிடவில்லை. நாங்களும் போகவில்லை.

அடுத்த ஞாயிறு மாஷிமா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மோடா காலியாகக் கிடந்தது. சிரிப்பு வரும் இடத்தில் என் மனைவி அந்தப் பக்கம் திரும்புவாள், பிறகு தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள் சொன்னாள்: "ஊருக்கே போயிருவோமாங்க? அங்க உங்களுக்கு ஒரு வேலை கெடைக்காதா?"

கூட வேலை செய்யும் வங்காளி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பிஜயாவுக்கு எவன்யா அழைப்பான்? சின்னவங்கதான் பெரியவங்க காலைத் தேடிப் போகணும். அந்தம்மா தேங்காய் உருண்டை பிடிச்சு வச்சிக்கிட்டு வாசலையே பார்த்திருப்பாங்க. தீபாவளிக்கு வர்ற காளி பூஜை வரைக்கும் போகலாம், போ."

மனைவியிடம் சொன்னேன். "நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வாரேன்" என்றாள். சந்தில் இறங்கியதும் எனக்குக் கால் தானாக வெற்றிலைக் கடைப் பக்கம் திரும்பிவிடும். இப்படியே நாள் போனது. காளி பூஜைக்கு முந்தின ஞாயிறு வந்துவிட்டது. தொடருக்கும் அன்றுதான் கடைசி நாள்.

ஆரம்பிக்கும் நேரத்தில் லோட்ஷெடிங். எங்கள் சந்தில் இந்த வரிசைக்கு ஒரு லைன், எதிர் வரிசைக்கு வேறு லைன். மாஷிமா வீட்டில் விசிறி சுற்றுவது எங்கள் ஜன்னலிலிருந்து தெரிந்தது. அவர்களிடம் கரண்ட் இருந்தது, டிவி இல்லை.

மனைவி மோடாவை எடுத்து வாசலில் வைத்தாள். "அவங்களுக்கும் இன்னைக்குத்தானேங்க கடைசி?" என்றாள்.

நான் பிளக்கைப் பிடுங்கி டிவியைத் தூக்கினேன். கப்பல் மூட்டை தூக்குகிறவனுக்கு அது ஒரு கனமா? ஆனால் ஞாயிற்றுக்கிழமை சந்து முழுக்க ஆள். மீன் பையோடு வருகிறவர்கள், குழாயடியில் குளிக்கிறவர்கள், கேரம் ஆடுகிறவர்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"என்ன அண்ணே, டிவி விலைக்கா?"

"இல்லப்பா, காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறாரு!"

எனக்குக் காது சுட்டது. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வங்காளியில் சத்தமாகச் சொன்னேன்: "சினிமாக் கொட்டகையை இடம் மாத்துறேன்! டிக்கெட் இருந்தா வா!" சந்தே சிரித்தது. அந்தச் சந்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

மேஷோ கதவைத் திறந்தார். பின்னால் மாஷிமா நின்றிருந்தார். டிவியைப் பிடித்தபடியே மாஷிமா காலைத் தொடக் குனிந்தேன். பெட்டி நிலையில் இடித்தது.

"முதல்ல அதைக் கீழ வை! போட்டுட்டா அப்புறம் தொட எனக்குக் கால் மிஞ்சாது!"

வைத்தேன். தொட்டேன். பின்னால் வந்த மனைவியும் மோடாவை வைத்துவிட்டுத் தொட்டாள். "மாஷிமா, எங்க பக்கம் கூப்பிட்டாத்தான் போவோம். நீங்க கூப்பிடுவீங்கன்னு உட்கார்ந்திருந்தோம்" என்றேன். ஒரு வார்த்தை திக்கவில்லை.

மாஷிமா என்னையே பார்த்தார். "பெத்த பிள்ளையை யாராவது பிஜயாவுக்குக் கூப்பிடுவாங்களா?" பிறகு மேஷோவிடம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன், அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு."

"நீ எங்கே சொன்னே? மதராசிக்குத் திமிர்னுல்ல சொன்னே?"

"நீங்க போய்ப் பேப்பர் படிங்க!"

மனைவி திரும்ப ஓடி, எங்கள் ஜன்னலிலிருந்து ஆன்டெனா ஒயரை வீசினாள். கேரம் ஆடியவர்கள் அதைப் பிடித்து மாஷிமா வீட்டு ஜன்னலுக்குள் கொடுத்தார்கள். இழுத்த இழுப்புக்குச் சரியாக எட்டியது. ஆரம்பம் போய்விட்டது, ஆனாலும் படம் தெளிவாக வந்தது. அன்றைக்கு அந்த அப்பா வாசல் மணியை ரிப்பேர் செய்திருந்தார். அதைத் தொட வீட்டில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் அவரே கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். மணி அடித்தது! மாஷிமா தன் மோடாவில் உட்கார்ந்து விசில் அடித்துச் சிரித்தார். என் மனைவி அதைவிடச் சத்தமாகச் சிரித்தாள். ஜன்னலில் தொங்கிய கேரம்காரர்கள் கைதட்டினார்கள்.

நடுவிலேயே எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

தேங்காய் உருண்டை கல்லாக இறுகியிருந்தது. "காளி பூஜை வரைக்கும் பார்த்துட்டு எறும்புக்குப் போடலாம்னு இருந்தேன்" என்றார் மாஷிமா. நான் நாலு தின்றேன்.

ஊருக்குப் போகும் பேச்சை மனைவி பிறகு எடுக்கவே இல்லை. ஒவ்வொரு வருடமும் தசமிக்கு அந்த வாசலில் முதலில் நிற்பது நாங்கள்தான். இந்த வருடமும் அப்படித்தான். மாஷிமா கதவைத் திறந்து, சந்துக்கே கேட்கும்படி கத்தினார்: "கூப்பிடாமலே வந்துட்டான் பாரு, என் மதராசி!"

பெஹாலா, 1988 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை.