பெரியம்மா பெருக்கிய தேவாலயம்

பெரியப்பாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவர் இறந்தபோது, அடக்கம் செய்ய முடியாதென்று ஊரிலிருந்த இரண்டு தேவாலயங்கள் கைவிரித்துவிட்டன. மூன்றாவதாகப் பெரியம்மா போய் நின்றது கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த யூனிட்டேரியன் தேவாலயத்தில். கடவுள் ஒருவரே, மூவரில்லை என்று சொல்பவர்களின் சபை அது.

"அவர் எதையுமே நம்பலைங்க ஐயா," என்றாள், உள்ளதை உள்ளபடி.

"அதனால என்னம்மா? கூட்டிட்டு வாங்க," என்றார் போதகர், உயிரோடு இருப்பவரை அழைப்பது போல.

அடுத்த வாரமே பெரியம்மா துடைப்பமும் கையுமாக அங்கே போனாள். முப்பத்தோரு வருடம் போனாள்.

வெளியே நின்று பார்த்தால் அதைத் தேவாலயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோபுரமில்லை, சிலுவையில்லை, இரண்டு வரிசை ஜன்னல் வைத்த பெரிய வீடு. அந்தச் சபைக்குத் தடை இருந்த காலத்தில், ஊர் கண்ணில் படாமலிருக்க அப்படிக் கட்டினார்களாம். உள்ளே மூன்று பக்கமும் மேலே ஆட்கள் உட்கார மரமாடம், கீழே கதவு வைத்த பெஞ்சுகள். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். வண்ணம் பூசாத கண்ணாடி வழியே வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் விழும். மெழுகு வாசனைக்கு நடுவே பெரியம்மா பெஞ்சுகளைத் துடைத்தபடி, போன மனுஷனை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் சாலையை அகலப்படுத்தப் பொறியாளர் வந்தார்.

"ரெக்கார்டுல இது வீடுன்னுதான் இருக்கு. எண்பது வருஷம் இருக்கும். இடிச்சிடலாம்."

போதகரிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சார், கொஞ்சம் மேல வாங்க."

மழைக்கு மழை வாளி வைக்கப் பரணேறிப் பழகியவள். ஏணியில் அவளே முதலில் ஏறினாள். டார்ச் வெளிச்சத்தில், பெரிய உத்திரத்தில் உளியால் செதுக்கியிருந்தது: 'இது ஆராதனைக்காகக் கட்டியது.' அதன் கீழே இருநூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய தேதி, ஏழு தச்சர்களின் பெயர்கள்.

பொறியாளர் தலையிலிருந்த ஒட்டடையைக்கூடத் தட்டவில்லை. "இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"எல்லாரும் ஒழுகுதான்னு மட்டுந்தான் கேட்டாங்க சார்."

சாலை அந்த இடத்தில் வளைந்து போனது.

முழங்கால் ஒத்துழைக்காமல் பெரியம்மா வேலையை விட்டபின், முதல் தடவையாக ஒரு ஞாயிறு பெஞ்சில் உட்கார்ந்தாள். பிரசங்கம் பாதியிலேயே தூங்கிவிட்டாள். போதகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார்.